அந்த ‘&1’ யார்? கோடு ரிவியூ செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எலிக்சிர் என்ற நிரல் மொழியில் கோடு எழுதும் எங்கள் அணியில் ரிவியூ பார்க்கும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும்,

வணக்கம். நான் அனுப்பும் கோடில் ‘எஃப்என்’ (fn) என்று தொடங்கும் பெயரில்லா ஃபங்ஷன் எங்கே கண்ணில் பட்டாலும் “& போட்டுச் சுருக்கலாமே” என்று கீழே எழுதிவிடுகிறீர்கள். நானும் இரண்டு வருடமாகச் சுருக்கிக்கொண்டுதான் வருகிறேன். போன மாதம் நடந்ததற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

சுருக்கத்தோடு எனக்குப் பகை இல்லை. பட்டியலில் உள்ள எண்களை இரட்டிப்பாக்க &(&1 * 2) போதும். (&1 என்றால் ஃபங்ஷனுக்குள் வரும் முதல் மதிப்பு, &2 என்றால் இரண்டாவது.) உள்ளே வரும் எண்ணுக்கு ஒரு பெயர் வைத்து, அம்புக்குறி போட்டு, ‘எண்ட்’ எழுதி முடிப்பது வெட்டி வேலை. ஏற்கெனவே பெயருள்ள ஃபங்ஷன் என்றால் & போட்டு, பெயரையும் பின்னால் /1 (ஒரு மதிப்பு வாங்கும் ஃபங்ஷன்) என்பதையும் கொடுத்தால் தீர்ந்தது.

சிக்கல் &2 வரும்போதுதான். கையிருப்பு 5000, செலவுகள் 1200, 300. மிச்சம் எவ்வளவு? பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்து ஒரே மதிப்பாக்கும் ரெட்யூஸுக்கு நான் முதலில் கொடுத்த ஃபங்ஷன் இப்படி இருந்தது:

செலவு, இருப்பு -> இருப்பு - செலவு

(எலிக்சிர் 1.5 முதல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அந்த வசதியைப் பயன்படுத்தும் நாலு பேரில் நான் ஒருவன்.) வழக்கம்போல் “சுருக்கு” என்று வந்தது. &(&1 - &2) என்று மாற்றினேன். ஒப்புதலும் கிடைத்தது. 3500 வர வேண்டிய இடத்தில் 4100 வந்தது.

எலிக்சிரின் ரெட்யூஸ் பட்டியலின் உறுப்பை முதலில் தரும், அதுவரை சேர்ந்த மதிப்பை இரண்டாவதாகத் தரும். அதனால் 1200 - 5000 = -3800. அடுத்து 300-இலிருந்து அந்த -3800-ஐக் கழித்தால் 4100. க்ளோஜர் என்ற இன்னொரு மொழியில் வரிசை இதற்குத் தலைகீழ். அங்கே #(- %1 %2), அதாவது முதல் மதிப்பிலிருந்து இரண்டாவதைக் கழி, என்று எழுதினால் 3500 சரியாக வரும். நான் க்ளோஜரிலிருந்து வந்தவன், கை பழைய ஞாபகத்தில் எழுதிவிட்டது. ஒரே ஒரு செலவு இருந்திருந்தால் -3800 என்று திரையில் பார்த்த எவரும் பதறியிருப்பார்கள். இரண்டு செலவு என்பதால் நம்பும்படியான ஒரு எண் வந்து உட்கார்ந்துகொண்டது. கூட்டலாக இருந்தால் வரிசை மாறியதே தெரிந்திருக்காது.

தப்பு என்னுடையதுதான், மறுக்கவில்லை. ஆனால் ‘செலவு - இருப்பு’ என்று எழுதியிருந்தால் நீங்கள் ஒரு நொடியில் பிடித்திருப்பீர்கள். &1 - &2 என்பதில் பிடிக்க என்ன இருக்கிறது?

1930களில் ஆலன்சோ சர்ச் இந்தப் பெயரில்லா ஃபங்ஷன்களின் மூதாதையான லாம்டா கணிதத்தை உருவாக்கியபோதும் ஃபங்ஷனுக்குத்தான் பெயர் இல்லை, உள்ளே வரும் மதிப்புக்கு ஒரு எழுத்தாவது இருந்தது. நாம் அதையும் பிடுங்கிவிட்டு வரிசை எண்ணைக் கொடுத்திருக்கிறோம், ரேஷன் கடை டோக்கன் மாதிரி. நம் கோடை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலருக்கே இதில் ஒரு எல்லை உண்டு: &1 வைத்த சுருக்கத்துக்குள் அதே மாதிரி இன்னொன்றை வைத்தால் ஏற்காது. உள்ளே இருக்கும் &1 யாருடையது என்ற குழப்பம் அங்கே வந்துவிடும். அப்புறம் அடைப்புக்குறி போடாத & வலப்பக்கம் இருப்பதையெல்லாம் விழுங்கும் கதை. = குறியைவிடவும் அதற்கு முன்னுரிமை குறைவு. அதில் நாம் எல்லோருமே ஒரு தடவையாவது மாட்டியிருக்கிறோம், விடுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான். &1 மட்டும் போதுமான இடத்தில் தாராளமாகச் சுருக்கச் சொல்லுங்கள். &2 தேவைப்படும் இடத்தில், அதுவும் கழித்தல், வகுத்தல், ஒப்பீடு இருக்கும் இடத்தில், பெயர்களை விட்டுவையுங்கள். ஒரு வரி இரண்டு வரியானால் ஆகட்டும்.

திருத்திய கோடு இன்று காலை உங்கள் ரிவியூவுக்கு வந்திருக்கும். அதில் செலவும் இருப்பும் பெயரோடு இருக்கின்றன. &(&2 - &1) என்று எழுதினாலும் 3500 வரும், தெரியும். எழுதவில்லை.

அன்புடன்,
உங்கள் அணியில் ஒருவன்