சளிக்கு எதற்கு ஆன்டிபயாடிக்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். போன வாரம் எங்கள் தெரு மருந்துக்கடையில், குழந்தைக்கு மூக்கு ஒழுகுகிறது என்று ஒரு அம்மா சொன்னதும் சீட்டு எதுவும் கேட்காமலேயே அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் சிரப்பை எடுத்து நீட்டிவிட்டார்கள், எனக்கு மனசே ஆறவில்லை.

சாதாரணச் சளி வைரஸால் வருவது. பாக்டீரியா வேறு, வைரஸ் வேறு. பாக்டீரியா தனி உயிரணு, தானே இரண்டாகப் பிரிந்து பெருகும், பெரும்பாலானவற்றுக்குச் சுற்றிலும் செல் சுவர் உண்டு. 1884-ல் டென்மார்க்கைச் சேர்ந்த கிராம் என்ற மருத்துவர் வெளியிட்ட சாயமுறையில்தான் பாக்டீரியாவை இன்றும் பார்க்கிறோம்: கண்ணாடித் துண்டில் தடவி, லேசாகச் சூடு காட்டி, ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால், கடைசியில் சிவப்புச் சாயம். சுவர் தடித்த வகை ஊதாவாகவே நிற்கும், மெலிந்த வகை இளஞ்சிவப்பாகத் தெரியும். அமாக்ஸிசிலின் கெடுப்பது அந்தச் சுவர் கட்டும் வேலையைத்தான். வைரஸுக்குச் சுவரே கிடையாது, நம் செல்லுக்குள் புகுந்துதான் பெருகும், அப்புறம் அந்த மருந்து எதைப் போய் உடைக்கும்?

சரி, கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்கிறார்கள். குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் சாகும், மருந்துக்குத் தாக்குப்பிடிப்பவை பெருகும். பரிசோதனையில் கிருமி தடவிய தட்டில் மருந்து வில்லையை வைத்து வளரவிட்டால், மருந்து வேலை செய்யும் பட்சத்தில் சுற்றிலும் கிருமி இல்லாத வெறும் வட்டம் விழ வேண்டும். வில்லையின் ஓரம் வரைக்கும் கிருமி வளர்ந்து நிற்கும் தட்டுகளைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்குகிறது.

ஆன்டிபயாடிக் அட்டையில் இருக்கும் சிவப்புக் கோடு, மருத்துவர் சீட்டில்லாமல் வாங்காதீர்கள் என்பதற்காகத்தான். அதைப் படத்தோடு உங்கள் பத்திரிகையில் அடிக்கடி போடுங்கள்.

ஒரு வாசகி, மதுரை