60 சதவீதம் போதுமா?

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. பேத்தி காது குத்துக்கு வரமுடியாமல் போனதற்கு இந்த வெயில்தான் காரணம், கோபித்துக்கொள்ளாதே.

எக்கோவில் (இதய ஸ்கேனில்) "பம்பிங் 60 சதவீதம்" என்று வந்ததற்கா இவ்வளவு கவலை? அது பரீட்சை மார்க் இல்லையப்பா. இதயம் நிரம்பி நிற்கும்போது உள்ளே இருக்கும் ரத்தத்தில், ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே போகிறது என்ற கணக்கு. 100 யாருக்கும் வராது. 60 நல்ல அளவுதான்.

ஆனால் நிமிஷத்துக்கு மொத்தம் எத்தனை லிட்டர் போகிறது என்று அது சொல்லாது. 120 மி.லி. கொள்ளும் இதயத்தில் 60 சதவீதம் என்றால் 72 மி.லி. சுவர் தடித்துப்போய் 70 மி.லி.தான் கொள்கிறது என்றால் வெறும் 42.

லிட்டர் கணக்கைத் தனியாக அளக்க வேண்டும். எக்கோ ரூமில் எனக்குப் பிடித்த வேலையே அதுதான். ஆளை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஜெல் தடவி, நெஞ்செலும்பு ஓரமாகப் புரோபை, அதாவது ஸ்கேன் கருவியின் கைப்பிடியை, வைத்தால் மகாதமனி வால்வுக்குக் கீழே ரத்தம் வெளியேறும் வழி தெரியும். அந்த வழியின் விட்டம் 2 செ.மீ. என்றால் பரப்பு 3.14 சதுர செ.மீ. அப்புறம் இடது மார்புக்குக் கீழே, துடிப்பு கையில் தட்டுப்படும் இடத்துக்குப் புரோபை நகர்த்தி, ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் டாப்ளரைப் போட்டால் சர்க் சர்க்கென்று சத்தம் வரும். திரையில் தலைகீழ் முக்கோணங்கள் ஓடும். ஒன்றின் ஓரத்தை வரைந்துவிட்டால், ஒரு துடிப்பில் ரத்தம் ஓடும் தூரத்தை மெஷின் சொல்லிவிடும். 20 செ.மீ. என்று வை. பரப்பால் பெருக்கினால் 63 மி.லி. நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்றால் 4.4 லிட்டர். ஊசி கூடக் குத்தவில்லை, பார்! 1970-இல் வந்த ஸ்வான்-கான்ஸ் முறையில் இதே கணக்குக்குக் கழுத்து ரத்தநாளம் வழியாக இதயத்துக்குள் குழாய் விட வேண்டும்.

வம்பெல்லாம் அந்த விட்டத்தில்தான். 2 மி.மீ. குறைத்து அளந்தால் 4.4 லிட்டர் 3.6 ஆகிவிடும். அதனால் ஐ.சி.யூ.வில் விட்டத்தைத் திரும்பத் திரும்ப அளக்காமல், தூரத்தை மட்டும் பார்ப்பார்கள். நோயாளியின் காலை உயர்த்தினால் காலில் இருக்கும் ரத்தம் நெஞ்சுக்கு வரும். உடனே தூரம் நன்றாகக் கூடினால், டிரிப்ஸ் ஏற்றுவதில் பலன் இருக்கும் என்று அர்த்தம்.

சரி, உன் விஷயம். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். அதை டாக்டரிடம் சொன்னாயா? பம்பிங் நன்றாக இருந்தும் மூச்சு வாங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 60-ஐ நினைத்துப் பயப்படவும் வேண்டாம், அதை நம்பி இதை விட்டுவிடவும் வேண்டாம். ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு குடியாத்தத்தில் பஸ் ஏறு. இங்கே ஒரு டாக்டரிடம் காட்டிவிடலாம். மதியம் வீட்டில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு.

உன்,
மணி