அந்த அங்கியை அவர் கழற்றவே இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில், இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவத் தத்துவஞானியான புனித ஜஸ்டினைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படித்தது, என் கண்ணாடியில்தான் கோளாறோ என்ற சந்தேகத்தில். 'எந்தத் தத்துவத்திலும் தேறாமல், கடைசியில் தத்துவ அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு மதம் மாறினார்' என்று ஒரு வரி. (தத்துவ அங்கி என்பது அன்றைய தத்துவ ஆசிரியர்கள் உடுத்திய மேலாடை.) எழுதியவர் பெரிய மனிதர் என்பதால் நீங்கள் அதில் கைவைக்கவில்லை போலிருக்கிறது.

ஜஸ்டினே எழுதிய 'திரிபோவுடன் உரையாடல்' எப்படித் தொடங்குகிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் உலாவிக்கொண்டிருக்கும் ஜஸ்டினைப் பார்த்து, முன்பின் தெரியாத திரிபோ என்ற யூதர் 'வணக்கம், தத்துவஞானியே' என்கிறார். எதை வைத்து அப்படிக் கூப்பிட்டார்? அங்கியை வைத்துத்தான். இந்த உடை உடுத்தியவர்களை அலட்சியம் செய்யக்கூடாது என்று கிரேக்க நகரமான ஆர்கோஸில் தன் ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததாக அவரே விளக்கமும் தருகிறார். அன்றைக்கு ஜஸ்டின் ஏற்கெனவே கிறிஸ்தவர். தான் கிறிஸ்தவரான கதையையே அந்த அங்கியோடுதான் சொல்கிறார். அவர் தத்துவஞானி உடையிலேயே போதித்தார் என்று திருச்சபை வரலாறு எழுதிய யூசேபியஸும் சொல்லியிருக்கிறார். உங்கள் கட்டுரையாளர் எங்கிருந்து கழற்றினாரோ!

அப்புறம் அந்த 'தேறாமல்'. சமாரியாவில் பிளாவியா நெயாப்பொலிஸ், அதாவது இன்றைய நாப்லஸ், அங்கே பிறந்தவர் முதலில் ஸ்டோயிக் என்ற கிரேக்கத் தத்துவ மரபைச் சேர்ந்த ஓர் ஆசிரியரிடம் போகிறார். கடவுளைப் பற்றி அந்த மனிதருக்கே எதுவும் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் தேவையும் இல்லை என்றுவிட்டார். அடுத்தவர் அரிஸ்டாட்டில் வழி வந்தவர். நாலு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, கட்டணத்தைப் பேசி முடிப்போமா என்றார். ஜஸ்டின் திரும்பியே பார்க்கவில்லை. (நானும் டியூஷன் எடுத்தவன். அவரை ரொம்பக் குறை சொல்ல மாட்டேன்.) மூன்றாவதாகப் பித்தாகரஸ் வழி ஆசிரியர், இசை, வானியல், வடிவியல் மூன்றையும் முடித்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார். கணக்கு வாத்தியாரான எனக்கு இவர்மேல் மட்டும் கோபமே வருவதில்லை. நான்காவது பிளேட்டோ வழி. அதில் நன்றாகவே முன்னேறி, சீக்கிரமே கடவுளைக் கண்டுவிடுவோம் என்று நம்பியிருந்த நேரத்தில்தான், கடலோரத் தனிமையில் ஒரு முதியவர் எதிர்ப்பட்டு, கேள்விமேல் கேள்வி கேட்டு, கடைசியில் தீர்க்கதரிசிகளைப் படி என்று சொல்லிவிட்டுப் போகிறார். இதில் தேறாதது மாணவனா, ஆசிரியர்களா?

தன் உள்ளத்தில் தீ மூண்டது என்கிறார் ஜஸ்டின். இதுவே பயனுள்ள தத்துவம் என்று கண்டேன், அதனால்தான் நான் தத்துவஞானி என்கிறார். கவனியுங்கள், தத்துவஞானியாக 'இருந்தேன்' என்று அவர் சொல்லவில்லை. அறிவின்படி வாழ்ந்தவர்கள், கிறிஸ்துவுக்கு முந்திய கிரேக்க ஞானிகளான சாக்ரடீஸானாலும் ஹெராக்ளிட்டஸானாலும், கிறிஸ்தவர்களே என்று ரோமப் பேரரசர் அந்தோனினஸ் பயஸுக்கு முறையிட்டு எழுதியவர் எதைக் கழற்றி எறிந்திருக்க முடியும்?

இதற்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்பீர்கள். நான் 1983-இல், 31-ஆம் வயதில், ஞானஸ்நானம் பெற்றவன். அதற்கு முன் ஆறு வருஷம் படித்தேன், சண்டை போட்டேன், தூக்கம் கெட்டேன். என் அத்தை கேட்டது ஒரே கேள்வி: "எவ்வளவு குடுத்தாங்க?" பால்பவுடருக்காக மாறினவன் என்ற கிண்டலில், அலுவலறையில் எனக்குப் 'பால்பவுடர்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பக்கம்தான் அப்படியென்றால், இந்தப் பக்கம் வீட்டை மந்திரிக்க, அதாவது ஆசீர்வதிக்க, வந்த திருச்சபைப் பெரியவர் ஒருவர் என் அப்பா விட்டுச் சென்ற சைவ நூல்களைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இன்னுமா இருக்கு?" என்றார். இருக்கிறது. இன்றைக்கும் இருக்கிறது. மாறினவன் எதையாவது வாங்கியிருக்க வேண்டும், இல்லை எதையாவது எறிந்திருக்க வேண்டும் என்று எல்லோருக்கும் ஓர் எதிர்பார்ப்பு. உங்கள் கட்டுரையாளருக்கும் அதேதான்.

போன வருஷம் புனித அகஸ்டினையும் இப்படித்தான் செய்தீர்கள். தாயின் கண்ணீரைத் தாங்காமல் மனம் மாறினாராம்! 19-ஆம் வயதில் ரோமச் சிந்தனையாளர் சிசெரோவைப் படித்துக் கிளம்பி, ஒன்பது வருஷம் மானிக்கேயர்கள் என்ற வேறொரு சமயத்தாரோடு திரிந்து, மிலானில் ஆயர் அம்புரோஸின் பிரசங்கங்களைக் கேட்டு, பிளேட்டோ வழிவந்த நூல்களோடு மல்லுக்கட்டி, 387-இல் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். மூன்று பக்கம் கடிதம் எழுதினேன். 'அகஸ்டின் கட்டுரை அருமை' என்று நாலு வரியாக வெட்டி என் பெயரில் போட்டீர்கள். அந்த 'அருமை' என்னுடையதல்ல.

படத்தைச் சொல்ல மறந்துவிட்டேன். கட்டுரைக்கு மேலே கிரீடமும் ஊதா அங்கியுமாக நிற்பவர் ஜஸ்டின் அல்ல, ஜஸ்டினியன். இத்தாலியின் ராவென்னா தேவாலயத்து மொசைக்கில் இருப்பவர், நானூறு ஆண்டு பிந்திய பேரரசர். 529-இல் ஏதென்ஸில் தத்துவம் கற்பிக்கத் தடை போட்டவரும் அவரே. தத்துவ அங்கியைக் கழற்ற மாட்டேன் என்றவருக்கு வைக்க உங்களுக்கு வேறு முகம் கிடைக்கவில்லை!

கிறிஸ்தவர் என்பதற்காக ரோம் நகர அதிகாரி ருஸ்திகஸ் முன்னால் நிறுத்தியபோது ஜஸ்டின் சொன்ன பதில்: எல்லாப் போதனைகளையும் கற்க முயன்றேன், கடைசியில் கிறிஸ்தவர்களின் உண்மைப் போதனையில் நிலைத்தேன். ருஸ்திகஸ் ஒரு ஸ்டோயிக், பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் ஆசிரியர்களில் ஒருவர். ஆறு தோழர்களோடு ஜஸ்டினுக்கும் மரண தண்டனை விதித்தார். இதெல்லாம் சுமார் 165-இல் நடந்தது. கட்டுரையில் இதற்கு இடமில்லை. அரைப் பக்கத்துக்கு நகைக்கடை விளம்பரம் இருந்தது, பார்த்தேன்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு, 'அங்கியைக் கழற்றினார் என்பது தவறு, படமும் தவறு' என்று ஒரு வரி. அதே பக்கத்தில், படிக்கிற எழுத்தில். இந்தக் கடிதத்தை வெட்டுவதாக இருந்தால் முழுவதும் வெட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
27 ஆண்டுச் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
திண்டுக்கல்.