ஒரே ஊர், பதினொரு நடை: நடைச் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, நடைக்கு வராவிட்டாலும் சந்தாவை மட்டும் தவறாமல் கட்டும் அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத் தீர்மானத்தை முதலில் நினைவுபடுத்திவிடுகிறேன். மாதத்துக்கு ஓர் ஊர் என்று அலைவதை நிறுத்திவிட்டு, ஆண்டு முழுக்க இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியிலுள்ள ஈடேல் கிராமத்தைச் சுற்றியுள்ள பாதைகளில் மட்டும் நடப்பது என்று முடிவானது. எதிர்த்துக் கை தூக்கிய நான்கு பேரில் நானும் ஒருவன். "ஒரே ஊருக்குப் பன்னிரண்டு தடவை போக அதென்ன மாமியார் வீடா?" என்று கேட்டதும் நான்தான். கூட்டக் குறிப்பிலும் அது ஏறிவிட்டது, மறுக்க வழியில்லை. தோற்றவன் தலையிலேயே தீர்மானத்தை நடத்திக்காட்டும் பொறுப்பும் விழுந்தது. பன்னிரண்டு நடை திட்டமிட்டோம், பதினொன்று நடந்தது. ஜனவரியில் ரயில் வரவில்லை, பிளாட்பாரத்திலேயே இட்லியைத் தின்றுவிட்டுக் கலைந்தோம்.

ஈடேலைத் தேர்ந்தெடுக்கக் காரணமும் ரயில்தான். நம்மில் பாதிப் பேரிடம் கார் கிடையாது. கார் உள்ளவர்களுக்கோ ஞாயிற்றுக்கிழமை அந்தப் பள்ளத்தாக்கில் நிறுத்த இடம் கிடையாது. மான்செஸ்டர் பிக்கடிலியில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். சின்லி தாண்டியதும் கௌபர்ன் சுரங்கம். இரண்டு மைலுக்கு மேல் இருட்டு. வெளியே வரும்போது இரு பக்கமும் மலை, நடுவில் பச்சை. 1894இல் போட்ட பாதை. பிள்ளைகள் இன்னமும் சுரங்கத்துக்குள் மூச்சைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறார்கள், யாரும் ஜெயித்ததில்லை.

ஈடேல் என்பது ஒரே ஊர் அல்ல, ஐந்து சிற்றூர்களின் கூட்டு. அப்பர் பூத், பார்பர் பூத், கிரைண்ட்ஸ்புரூக் பூத், ஆலர்புரூக் பூத், நெதர் பூத். 'பூத்' என்றால் டெலிபோன் பூத் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். பழைய காலத்தில் மாடு மேய்ப்பவர்கள் போட்டுக்கொண்ட குடிலுக்கு அந்தப் பெயராம். இதை விளக்கியபோது நம் தலைவர், "அப்படியானால் நம்ம பட்டி! ஆண்டிபட்டி, உசிலம்பட்டி மாதிரி" என்றார். அன்றிலிருந்து நம் வாட்ஸ்அப் குழுவில் அப்பர் பூத் மேலப்பட்டி, நெதர் பூத் கீழப்பட்டி. புதிதாகச் சேர்ந்தவர்கள் வரைபடத்தில் மேலப்பட்டியைத் தேடிக் குழம்புவதாகப் புகார் வந்திருக்கிறது. குறித்துக்கொண்டேன்.

இன்னொரு சொல்லும் இந்த ஆண்டு சங்கத்துக்குச் சொந்தமானது. வயலுக்கு வயல் கல் சுவரைத் தாண்டப் படி வைத்திருக்கிறார்களே, 'ஸ்டைல்' என்பது, அதற்கு நாம் மூன்று வருடமாகப் பெயர் வைக்காமலே ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். மார்ச் நடையில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர், "இது எங்கட கடப்பு தானே" என்றார். வேலியில் மனிதர் நுழையவும் மாடு நுழையாமலிருக்கவும் விடும் இடைவெளி. சரியாகப் பொருந்தியது. முழங்கால் வலிக்காரர்கள் இப்போது நடை அறிவிப்பு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை கடப்பு?"

புதியவர்களுக்காகப் பாதைச் சட்டத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இங்கே நாம் நடப்பது பெரும்பாலும் தனியார் நிலத்தில். ஆனால் பாதை பொது. நம் ஊரில் வரப்பு வழியாகப் போனால் யாரும் கேட்கமாட்டார்கள், ஒருநாள் கம்பி வேலி வந்தால் வழி போய்விடும். இங்கே நிலம் கைமாறினாலும் வழி போகாது. 1949 சட்டப்படி ஒவ்வொரு கவுண்டியும் தன் பாதைகளையெல்லாம் வரைபடத்தில் பதிந்து வைத்தாக வேண்டும். ஏறியது ஏறியதுதான். நாம் வைத்திருக்கும் ஆர்ட்னன்ஸ் சர்வே (இந்நாட்டு நில அளவைத் துறை) ஓ.எல்.1 வரைபடத்தில் அவை பச்சைக் கோடுகள்: சின்னக் கோடு நடப்பவருக்கு, நீளக் கோடு குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. தரையில் மஞ்சள் அம்பு நடைபாதை, நீல அம்பு குதிரைப் பாதை. இவ்வளவு தெரிந்தால் போதும், மீதியைச் சேறு கற்றுக்கொடுக்கும்.

மாட்டு விஷயம். மே மாதம் கீழப்பட்டிப் பக்கம் கன்றுகளோடு நின்ற மாட்டுக் கூட்டத்துக்குள் போய்விட்டோம். நம்மவர்களுக்கு மாடு என்றால் ஓர் அலட்சியம் உண்டு. 'ஹை, ஹை' என்றால் விலகும் என்ற நம்பிக்கை. விலகவில்லை. கூட்டத்தோடு ஒரு காளையும் நின்றது. அலங்காநல்லூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்ததாக அடிக்கடி சொல்லும் உறுப்பினர் ஒருவர், கடப்பு இருக்கும் இடம் வரை போகப் பொறுமையில்லாமல், சுவரையே தாண்டி முதலில் வெளியேறினார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் தவிர்க்கிறேன். பொதுப்பாதை போகும் வயலில் காளையை விடலாமா என்று பிறகு பலர் கேட்டீர்கள். 1981 சட்டம் சொல்வது இது: பத்து மாதத்துக்கு மேற்பட்ட கறவை மாட்டு இனக் காளையை விடக் கூடாது. ஃபிரீசியன், ஜெர்சி, கர்ன்சி உள்பட ஏழு இனங்களை அதில் பெயர் சொல்லியே குறித்திருக்கிறார்கள். மற்ற இனக் காளை, பசுக்களோ கிடேரிகளோ கூட இருந்தால் நிற்கலாம். கறவை இனத்தானுக்குத்தான் கோபம் அதிகமாம். அன்று நின்றது எந்த இனம் என்று நின்று பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. இனிமேல் கன்று நிற்கும் வயலில் சுற்றிப் போவோம், தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகமாட்டோம். நாயோடு வருபவர்கள், மாடு துரத்தினால் கயிற்றை விட்டுவிடுங்கள். நாய் ஓடித் தப்பிக்கும். நீங்கள் ஓட முடியாது.

ஏப்ரல் நடையை 24ஆம் தேதிக்குப் பக்கத்து ஞாயிறாகப் பார்த்து வைத்தது நான் உருப்படியாகச் செய்த ஒரு காரியம். 1932 ஏப்ரல் 24, அதுவும் ஞாயிறு. கிண்டர் ஸ்கவுட் மேடு அப்போது வேட்டையாடுவதற்காகப் பறவை வளர்க்கும் பெரிய மனிதர்கள் கையில் இருந்தது, நடக்க அனுமதியில்லை. மலைக்கு அந்தப் பக்கம் ஹேஃபீல்டில் ஒரு கல் குவாரியில் சில நூறு இளைஞர்கள் கூடி அத்துமீறி ஏறினார்கள். ஷெஃபீல்டிலிருந்து வந்த சிறு கூட்டம் நம் ஈடேல் பக்கமிருந்து ஏறி மேலே அவர்களோடு சேர்ந்துகொண்டது. ஆறு பேரைப் பிடித்தார்கள். ஐந்து பேருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை. முன்னே நின்ற பென்னி ராத்மனுக்கு வயது இருபது, நான்கு மாதம் உள்ளே இருந்தார். நம்மில் பலர் கறிவேப்பிலை வாங்கப் போகும் சீத்தம் பகுதிப் பையன்தான் அவர். 1951இல் இந்தப் பகுதி நாட்டின் முதல் தேசியப் பூங்கா ஆனது. 2000இல் வந்த சட்டம் இப்படிப்பட்ட மேடுகளில் பாதையை விட்டு விலகியும் நடக்க உரிமை கொடுத்தது. ஈடேலில் தொடங்கி ஸ்காட்லாந்தின் கர்க் யெத்தம் வரை 268 மைல் போகும் பென்னைன் வேயை 1965இல் திறந்ததும் ஏப்ரல் 24தான்.

அன்று ஜேக்கப்ஸ் லேடர் வழியாக ஏறினோம். ஜேக்கப் மார்ஷல் என்ற விவசாயி 18ஆம் நூற்றாண்டில் வெட்டிய படி. பொதிக்குதிரை வளைந்து வளைந்து ஏறி வருவதற்குள் மனுஷன் நேராக ஏறி, மேலே உட்கார்ந்து சுங்கான் பிடிக்கவே வெட்டினார் என்று கதை. நம் கூட்டத்தில் படியில் ஏறியவர்களும் வளைவில் போனவர்களும் ஒரே நேரத்தில்தான் மேலே சேர்ந்தோம், ஏனென்றால் படிக்காரர்கள் நான்கு தடவை உட்கார்ந்தார்கள்.

ஜூன் மாத நீண்ட நடைக்கு எட்டுப் பேர்தான் வந்தார்கள். ஆண்டின் சிறந்த நடை அது என்பது என் கருத்து, வராதவர்கள் மன்னிக்கவும். கிண்டர் டவுன்ஃபால் அருவியைத் தாண்டி (அன்று காற்று இல்லை, மேற்குக் காற்று பலமாக அடித்தால் அந்தத் தண்ணீர் கீழே விழாமல் மேலே பறக்கும்), மில் ஹில் வந்து, ஸ்னேக் பாஸ் ரோட்டைக் கடந்து கிளாசப்பில் ரயில் ஏறினோம். மில் ஹில்லுக்கு அப்புறம் தரை முழுக்கக் கறுப்புக் கரிச்சேறு, கால் வைத்தால் முழங்கால் வரை போகும். அதன் மேல் பெரிய பெரிய பலகைக் கற்களை வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். இடித்த பஞ்சாலைகளின் தளக் கற்கள் அவை, ஹெலிகாப்டரில் தூக்கி வந்து இறக்கியவை. சிலவற்றில் உள்ளங்கை அகலத்துக்கு இரண்டு ஓட்டைகள், எந்திரத்தின் காலை முடுக்கிய இடம். நம் உறுப்பினர் ஒருவர் அங்கே குனிந்து, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் அப்பா மதுரையில் ஒரு மில்லில் இருந்தவர். "எந்திரத்து மேலே பிளாட் பிரதர்ஸ், ஓல்டாம்னு எழுதியிருக்கும். சின்ன வயசுல ஓல்டாம்ங்கிறது சாமி பேர்னு நெனச்சேன்" என்றார். அவர் இப்போது குடியிருப்பது ஓல்டாமில். அப்புறம் ஒரு மைல் தூரம் யாரும் பேசவில்லை, நடந்தோம்.

ஆகஸ்டில் மேடு முழுக்க ஹெதர் என்ற குத்துச்செடி பூத்து ஊதாவாக இருந்தது. பில்பெரி பறித்துத் தின்றோம்; நாவல்பழம் தின்ற மாதிரி எல்லார் நாக்கும் நீலம். செப்டம்பர் பிள்ளைகள் நடை, மாம் டோர் குன்று, 517 மீட்டர். அந்தச் சரிவில் மண் சரிந்துகொண்டே இருக்கும், அதனால் பழைய ரோட்டை 1979இல் அடியோடு கைவிட்டார்கள். தார் அடுக்கடுக்காகப் பிளந்து கிடக்கிறது. ஒவ்வொரு தடவையும் மேலே மேலே தார் ஊற்றிச் சமாளித்திருக்கிறார்கள். பிள்ளைகள் ஏழு அடுக்கு வரை எண்ணினார்கள். திரும்பும்போது ஹாலின்ஸ் கிராஸ் வழியாக இறங்கினோம். ஈடேலில் கோயில் கட்டுவதற்கு முன் செத்தவர்களை அந்த மேட்டைத் தாண்டித்தான் ஹோப் ஊர்த் தேவாலயத்துக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள். ஈடேல் பஞ்சாலைக்கு வேலைக்கு வந்த காசில்டன் பெண்களும் அதே பாதைதான், தினமும், மழையிலும். நாம் வெறும் தண்ணீர் பாட்டிலோடு மூச்சு வாங்கினோம்.

நவம்பர் நடையில் நடந்தது என் தவறு, வேறு யாரையும் சொல்லிப் பயனில்லை. கிண்டர் மேட்டில் பனிமூட்டம் இறங்கியது. பாதை என்று நினைத்து நான் பிடித்தது கரிமண்ணைத் தண்ணீர் அறுத்த ஓடை. ஜேக்கப்ஸ் லேடரில் இறங்க வேண்டியவர்கள் கிரௌடன் கிளவ் பாறை ஓடையில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினோம். மேலப்பட்டி வந்தபோது நாலரை மணி, முழு இருட்டு. பதினாலு பேருக்கு மூன்று டார்ச். அதற்குப் பிறகு சங்கப் பணத்தில் ஒரு காம்பஸ் வாங்கினோம், உபயோகிக்கத் தெரிந்தவரைத் தேடிக்கொண்டிருக்கிறோம். நேரக் கணக்குக்கு 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி சொன்ன விதியையே பின்பற்றுகிறோம்: மூன்று மைலுக்கு ஒரு மணி, இரண்டாயிரம் அடி ஏற்றத்துக்கு இன்னொரு மணி. அவர் கணக்கில் புளியோதரைக்கு நேரம் ஒதுக்கவில்லை. நாம் ஒன்றேகால் மணி கூட்டிக்கொள்கிறோம். ஆபத்து என்றால் ஒரு நிமிடத்தில் ஆறு விசில், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. போன் கிடைத்தால் 999, போலீஸ், மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும். தாளில் அடித்துத் தருகிறேன், பையில் வையுங்கள்.

குறைகள் இரண்டு. காஸ் அடுப்பு கொண்டுவந்து மேட்டில் டீ போடப் பார்த்தவருக்கு: அங்கே தீ வைக்கக் கூடாது. அந்தக் கரிமண் பற்றினால் அடியிலேயே புகைந்துகொண்டு போகும், அணைக்க நாள்கணக்காகும். அடுத்தது, மேலப்பட்டிப் போகும் வழியில் சாய்ந்து கிடந்த வழிகாட்டிப் பலகை. உரிய நிர்வாகத்துக்கு மூன்று தடவை படத்தோடு எழுதினோம்; பதில் ஒன்று வந்தது, பலகை இன்னும் சாய்ந்தே கிடக்கிறது. நான்காவது கடிதம் தயார்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கம்: கடன் இல்லை.

செயற்குழு இந்த ஆண்டும் ஈடேல் என்றே தீர்மானம் கொண்டுவருகிறது. ஜனவரி நடை தவறியதால் பனியில் அந்த ஊரை நாம் இன்னும் பார்க்கவில்லை. ஆலர்புரூக் பக்கத்துப் பச்சைக் கோடுகள் மூன்று பாக்கி இருக்கின்றன. இந்தத் தடவை ஆதரித்துக் கை தூக்குகிறேன், சென்ற ஆண்டு நான் சொன்னதைக் கூட்டக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுவதாக இருந்தால்.

அடுத்த நடை வரும் ஞாயிறு, காலை முதல் ரயில், பிக்கடிலி. டார்ச் கட்டாயம். சட்னி யார் கொண்டுவருவது என்பதை இன்றே முடிவு செய்துவிடுங்கள். போன தடவை ஆறு பேர் தேங்காய்ச் சட்னி கொண்டுவந்தார்கள், இட்லி ஒருவரும் கொண்டுவரவில்லை.

இப்படிக்கு,
செயலாளர்