கருப்பைவாய் கனியும்வரை காத்திருந்தவர்களுக்கு

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கும் பிரசவ அறைச் செவிலியர்களுக்கும்,

என் மகள் பிறந்து 42 நாள் ஆகிறது. அவள் உறங்கும் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிய மடல் இது.

41 வாரம் கடந்தும் எனக்கு வலி வரவில்லை. "கருப்பைவாய் இன்னும் இளகவில்லை" என்று கேட்கும்போதெல்லாம் என் உடம்பு எங்கோ தவறிவிட்டது என்று நினைத்து அழுதேன். கருப்பைவாய் பிரசவத்துக்கு எவ்வளவு தயார் என்று காட்டும் பிஷப் மதிப்பெண் 13க்கு 3 என்றதும் மேலும் பதறினேன். டாக்டர் அம்மா, நீங்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தீர்கள். அந்தக் கால் மணி நேரத்துக்குத்தான் முதல் நன்றி.

கருப்பைவாயில் தசை குறைவு, பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத நார்கள் என்றீர்கள். இத்தனை மாதம் குழந்தையைப் பத்திரமாக உள்ளே வைத்திருந்தது அந்த இறுக்கம்தான். அதைக் காத்தது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன். பிரசவம் நெருங்கும்போது இரத்தத்தில் அதன் அளவு சட்டென்று இறங்கிவிடுவதில்லை. திசுக்கள் அதற்குச் செவிசாய்ப்பதுதான் குறைகிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற இன்னொரு ஹார்மோனின் கை ஓங்குகிறது. வாயை இளகவைக்கும் புரோஸ்டாகிளாண்டின் பெருகுகிறது, கொலாஜனை அறுக்கும் நொதிகள் வேலையைத் தொடங்குகின்றன. ஹையலுரோனிக் அமிலம் கூடி நீரை இழுத்துக்கொள்ள, நெருக்கமாகப் பின்னிக் கிடந்த நார்கள் விலகித் தளர்கின்றன. "மூக்கு நுனிபோல இருப்பது உதடுபோல ஆக வேண்டும், அவ்வளவுதான்" என்றீர்கள். என்னையே தொட்டுப் பார்த்துக்கொண்டேன். பயம் பாதி போய்விட்டது.

உடனே ஆக்ஸிடோசின் ஏற்றச் சொல்லி நச்சரித்தவள் நான். அது கருப்பையைச் சுருங்கவைக்கும், கனியாத வாயை அது மட்டும் கனியவைத்துவிடாது என்று பொறுமையாக மறுத்தீர்கள். முதலில் புரோஸ்டாகிளாண்டின் ஜெல். 6 மணி நேரம் கழித்து இன்னொரு முறை.

இரவுப் பணியில் இருந்த செவிலியர் அக்கா, ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்பும் என் அனுமதி கேட்டீர்கள். விரல் வைக்குமுன் "மூச்சை விடும்மா" என்பீர்கள். விடியற்காலையில் "உதடு மாதிரி ஆகிவிட்டது" என்று நீங்கள் சிரித்ததை மறக்கமாட்டேன். 10 சென்டிமீட்டர் திறந்தபோது உங்கள் கையைத்தான் நசுக்கிக்கொண்டிருந்தேன். வலித்திருக்கும், ஒரு சொல் சொல்லவில்லை.

இன்னும் சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். இந்த மாற்றங்களை ஆராய்வதற்காகத் தங்கள் கருப்பைவாயிலிருந்து சிறு திசுத்துண்டைக் கொடுத்த தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. எனக்கு வைத்த ஜெல்லுக்குப் பின்னால் அவர்களும் இருக்கிறார்கள்.

நேற்றைய பரிசோதனையில் கருப்பைவாய் மறுபடி இறுகி மூடிவிட்டதாகச் சொன்னார்கள். உங்களிடம் முதலில் சொல்லத் தோன்றியது.

அன்புடன்,
ஒரு புதிய அம்மா