சோலார் கார் போட்டிகளை நடத்துபவர்களுக்கு: அந்த அறிக்கைகளைத் திறந்துவிடுங்கள்

சோலார் கார் நெடுந்தொலைவுப் போட்டிகளின் அமைப்பாளர்களுக்கும், அவற்றின் விதிமுறைகளை எழுதும் தொழில்நுட்பக் குழுவினருக்கும்,

வணக்கம்.

ஆஸ்திரேலியாவில் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை சுமார் 3,000 கிலோமீட்டர் ஓடும் வேர்ல்ட் சோலார் சேலஞ்ச், வட அமெரிக்காவின் அமெரிக்கன் சோலார் சேலஞ்ச் ஆகிய இரண்டையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். மற்றப் போட்டிகளுக்கும் இது பொருந்தும். நான் ஒரு மாணவர் அணியின் மின்பிரிவில் வேலை செய்தவன். கேட்க வந்தது ஒன்றுதான். போட்டிக்கு முன் ஒவ்வொரு அணியும் உங்களிடம் தரும் வடிவமைப்பு அறிக்கையையும், ஓட்டத்தின்போது எது பழுதானது, ஏன் பழுதானது என்ற விவரத்தையும், போட்டி முடிந்தபின் எல்லோரும் படிக்கும்படி வெளியிடுங்கள். விருப்பமுள்ளவர்கள் தரலாம் என்று விட்டுவிடாமல் அதை விதியாகவே ஆக்குங்கள்.

எங்கள் கார் ஒருமுறை சோதனை ஓட்டத்தில் நின்றுபோனது. ஒரு செல்லின் வோல்டேஜ் எல்லை தாண்டியதாகக் கணித்த பேட்டரிக் கண்காணிப்புச் சுற்று, தன் கடமைப்படி பேட்டரியைத் துண்டித்தது. பேனல்கள் மட்டும் இணைப்பிலேயே இருந்தன. உச்சி வெயில் நேரம். பேனலிலிருந்து அதிகபட்ச மின்சாரத்தை எடுத்துத் தரும் எம்.பி.பி.டி. கருவிகள், வாங்கிக்கொள்ள பேட்டரி இல்லாததால் வோல்டேஜை ஏற்றிக்கொண்டே போயின. அதைத் தாங்க முடியாமல், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் மோட்டார் கன்ட்ரோலர் எரிந்தது. பல மாதம் பணம் திரட்டி வாங்கிய பொருள் அது.

வேறொரு அணியின் பழைய உறுப்பினரிடம் பின்னர் இதைச் சொன்னபோது, "எங்களுக்கும் இதேதான் ஆச்சு" என்றார். அவருக்கு முந்தைய தலைமுறைக்கும் ஆகியிருந்ததாம். தீர்வு சின்னதுதான். பேட்டரி துண்டாகும் அதே கணத்தில் பேனல் பக்கமும் துண்டாக வேண்டும். கூடுதலாக ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), கொஞ்சம் வயர். இதை விளக்க ஒரு பக்கம் போதும். அந்தப் பக்கத்தை யாரோ எழுதியும் இருப்பார்கள், ஆனால் அது எங்கள் கைக்கு வர வழி இல்லை.

மாணவர் அணிகளின் இயல்பு உங்களுக்குத் தெரியும். ஒரு காரைக் கட்டி ஓட்டி முடிப்பதற்குள் பாதிப் பேர் பட்டம் வாங்கிப் போய்விடுவார்கள். போகிறவர்களோடு அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதும் போய்விடுகிறது. பழைய, பெரிய அணிகள் இதைச் சமாளித்துவிடும். அவர்களுக்கு நிரந்தரப் பட்டறை இருக்கிறது, ஆலோசனை சொல்ல முன்னாள் மாணவர்கள் இருக்கிறார்கள், முழு ஆண்டும் படிப்பை நிறுத்திவைத்து வேலை செய்யும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். முதல்முறை வருகிற அணிக்கு இதில் எதுவுமே இல்லை. வாகனச் சோதனைக் கொட்டகையிலேயே சிக்கிக்கொள்கிற கார்களும், ஓட முடியாமல் பாதி வழியில் ட்ரெய்லரில் ஏறுகிற கார்களும் பெரும்பாலும் இவர்களுடையவை. புத்தியிலோ உழைப்பிலோ இவர்கள் குறைந்தவர்கள் இல்லை. மற்றவர்கள் எப்போதோ தீர்த்துவிட்ட சிக்கல்களை இவர்கள் முதலிலிருந்து தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இந்தப் போட்டியின் உண்மையான கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. வேர்ல்ட் சோலார் சேலஞ்சில், ஓராள் ஓட்டும் கார்களுக்கான சேலஞ்சர் பிரிவில், 2017-இல் பேனல் பரப்பை 4 சதுர மீட்டராகக் குறைத்தீர்கள்; 2025-இல் அதை 6 சதுர மீட்டராக உயர்த்தினீர்கள். நல்ல சிலிக்கான் செல்களைப் பதித்தாலும் அந்த 4 சதுர மீட்டரில் உச்சி வெயிலில் கிடைத்தது ஏறத்தாழ 1,000 வாட், ஓர் இஸ்திரிப்பெட்டி இழுக்கிற அளவு. அதைக் கொண்டு ஓர் ஆளைச் சுமந்தபடி மணிக்கு 80, 90 கிலோமீட்டரில் நாள் முழுக்க ஓட வேண்டியிருந்தது. காற்றைக் கிழித்துப் போகத் தேவைப்படும் திறன், வேகத்தின் மூன்றாம் படியாக ஏறுகிறது. 70-லிருந்து 90-க்குப் போனால் அந்தச் செலவு இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். அதனால் காலையில் விரட்டிவிட்டு மாலையில் ஊர்ந்து போகிறவரைவிட, சீராக ஓட்டுகிறவரே குறைந்த மின்சாரத்தில் அதே தூரத்தைக் கடப்பார். மேகத்துக்கு அடியில் கொஞ்சம் விரைந்து கடப்பதா, பேட்டரியில் எவ்வளவு மிச்சம் வைத்துக்கொண்டு மாலை 5 மணிக்கு நிறுத்துவது, நாளைக்கு எதிர்க்காற்று என்றால் இன்றைக்கே என்ன மாற்றுவது... மாணவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியது இதில்தான். கன்ட்ரோலர் எரிந்து கிடக்கும் அணிக்கு இந்த வேலைக்கு நேரமே கிடைப்பதில்லை.

போட்டி அணிகள் கற்றதைத் திறந்து வைப்பது புதிய பழக்கமும் இல்லை. சாகசப் பயணி ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப்பும் கார் பந்தய வீரர் லாரி பெர்கின்ஸும் 1982 டிசம்பரில் பெர்த்திலிருந்து சோலார் காரில் கிளம்பி, சுமார் 4,000 கிலோமீட்டர் ஓட்டி, 1983 ஜனவரியில் சிட்னி போய்ச் சேர்ந்தார்கள். அந்தப் பயணத்தின் தொடர்ச்சியாகத்தான் 1987-இல் முதல் வேர்ல்ட் சோலார் சேலஞ்ச் நடந்தது. அதில் வென்றது ஜெனரல் மோட்டார்ஸின் சன்ரேசர், சராசரி வேகம் மணிக்கு சுமார் 67 கிலோமீட்டர். விமானப் பொறியாளர் பால் மெக்ரெடியின் ஏரோவைரன்மென்ட் நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய அந்தக் காரின் கதையை, பொறியாளர்களே தொழில்நுட்ப விரிவுரைகளாக எழுதி அச்சிட்டார்கள். பிறகு ஜெனரல் மோட்டார்ஸே 1990-இல் அமெரிக்க மாணவர்களுக்காக சன்ரேஸ் போட்டிக்கு ஆதரவளித்தது. பெரும்பணம் போட்டு ஜெயித்தவர்களே தங்கள் வேலையை மற்றவர்கள் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள்.

இன்னொரு உதாரணமும் உண்டு. ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. உருவாக்கிய, சக்கரத்துக்குள்ளேயே பொருந்தும் மோட்டாரின் செயல்திறன் 98 சதவீதத்தை ஒட்டியது. அது ஒரே அணியோடு நின்றுவிடாமல் பல அணிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக சோலார் கார் அணியில் இருந்தவர்கள் தொடங்கிய ட்ரிட்டியம் நிறுவனம், முதலில் மோட்டார் கன்ட்ரோலர் செய்து மற்ற அணிகளுக்கு விற்றது. மின்கார் விரைவு சார்ஜர்கள் எல்லாம் அப்புறம் வந்தவை. நல்ல மோட்டார் எல்லோருக்கும் கிடைத்ததால் போட்டியின் சுவை குறைந்துவிட்டதா? கூடியது என்றுதான் நான் சொல்வேன்.

பெரிய அணிகள் மறுப்புச் சொல்லும். இரவு பகலாக உழைத்துக் கண்டுபிடித்ததை ஏன் எதிராளிக்குத் தர வேண்டும் என்பார்கள். நியாயமான கேள்வி. அதனால்தான் உடனே வெளியிடச் சொல்லவில்லை. அடுத்த போட்டி முடியும்வரை பூட்டியே வைத்திருங்கள், பிறகு திறவுங்கள். அதற்குள் உங்கள் விதிகளே மாறிவிடும். ஓட்டுநர் நிமிர்ந்து உட்கார வேண்டும் என்று 2007-இல் மாற்றினீர்கள். 2013-இல் நான்கு சக்கரம் கட்டாயம் என்றீர்கள். 2025-இல் போட்டியையே அக்டோபரிலிருந்து ஆகஸ்டுக்கு, வெயில் குறைந்த பருவத்துக்கு நகர்த்தினீர்கள். ஒவ்வொரு முறையும் பழைய கார் அப்படியே உதவாமல் போகிறது. காரின் உருவம் ரகசியம் என்றால் அதை விட்டுவிடட்டும், விளம்பரதாரர் தந்த செல்லின் விவரங்களையும் மறைத்துக்கொள்ளட்டும். மின்சுற்று, பிரேக், சஸ்பென்ஷன், பேட்டரிப் பெட்டி, பழுதுகளின் பட்டியல் ஆகியவை திறந்தால் போதும்.

பாதுகாப்பு பற்றிய விஷயத்தில் மட்டும் அவ்வளவு நாள் காத்திருக்கக் கூடாது. 2019 வேர்ல்ட் சோலார் சேலஞ்சில் முன்னணியில் ஓடிய, நெதர்லாந்தின் ட்வென்டே அணியின் காரை பலத்த பக்கக்காற்று சாலையை விட்டே தூக்கி எறிந்தது. அதே போட்டியின் கடைசி நாளில், முதலிடத்தில் இருந்த, அதே நாட்டின் டெல்ஃப்ட் மாணவர்களின் நூனா கார் தீப்பிடித்து எரிந்தது. இரண்டிலும் ஓட்டுநர்கள் தப்பினார்கள். அனுபவமும் வசதியும் நிறைந்த அணிகளுக்கே இப்படி நடக்கிறது. பல ட்ரெய்லர்களைக் கோத்து இழுக்கும், 50 மீட்டருக்கும் மேல் நீளமான ரோடு ட்ரெய்ன் லாரி எதிரே கடக்கும்போது, இறக்கை போல மெலிந்த இந்தக் கார் எப்படி ஆடும் என்பதை எந்தக் கல்லூரி மைதானத்திலும் சோதித்துப் பார்க்க முடியாது. 2004-இல் கனடாவில் ஒரு சோலார் கார் பயணத்தில் நடந்த விபத்தில் டொரண்டோ பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இறந்துபோனார். இவை எல்லாம் நம் மத்தியில் நடந்தவை. கவிழ்ந்த கார், எரிந்த பேட்டரி, கழன்ற சக்கரம் எதுவானாலும், காரணம் தெரிந்த சில வாரங்களுக்குள் பதிவு செய்திருக்கும் எல்லா அணிகளுக்கும் எழுத்தில் போக வேண்டும். இந்த ஒன்றில் எந்த விதிவிலக்கும் வேண்டாம்.

நடைமுறையில் இது பெரிய சுமை இல்லை. வடிவமைப்பு அறிக்கைகள் ஏற்கெனவே உங்களிடம் வந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்கப் போட்டியில் மின் அமைப்பு, பேட்டரிப் பாதுகாப்பு, இயந்திரப் பாகங்கள் என்று பிரித்தே கேட்கிறீர்கள். புதிதாக எழுத வேண்டியது பழுது அறிக்கை மட்டும்தான். அதை எழுத வைக்கவும் எளிய வழி இருக்கிறது. முந்தைய போட்டியின் பழுது அறிக்கையைத் தராத அணிக்கு அடுத்த போட்டியில் பதிவு கிடையாது என்று வைத்துவிடுங்கள். ட்ரெய்லரில் ஏறிய அணிகளிடம் அதைக் கட்டாயம் வாங்குங்கள். அவர்கள் எழுதப்போவதுதான் அடுத்து வருகிறவர்களுக்கு அதிகம் உதவும். சிறந்த பழுது அறிக்கைக்கு, அடிலெய்டில் முதலில் நுழைந்தவருக்குக் கைதட்டும் அதே மேடையில், ஒரு பரிசும் கொடுங்கள்.

அடுத்த போட்டிக்கான விதிமுறை வரைவில் இதற்கென ஒரு பிரிவைச் சேர்த்து, அணிகளின் கருத்தைக் கேளுங்கள். அறிக்கைகளைப் படித்து வகைப்படுத்த ஆள் வேண்டுமென்றால், என்னைப் போன்ற முன்னாள் உறுப்பினர்கள் சம்பளம் எதுவும் இல்லாமல் செய்யக் காத்திருக்கிறோம். பழைய போட்டிகளின் கோப்புகளில் இருந்தே தொடங்கலாம்.

அன்புடன்,
ஒரு மாணவர் அணியின் முன்னாள் மின்பிரிவு உறுப்பினர்