சதவீதத்தோடு அளவுகோலையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளின் உடல் பருமன் பற்றிய செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. நாகர்கோவிலில் எடுத்த கணக்கு ஒரு சதவீதம் சொல்லும், குழித்துறைப் பக்கம் எடுத்தது வேறொன்று சொல்லும். உடனே டவுன் பிள்ளைகள், கிராமத்துப் பிள்ளைகள் என்று பேச்சு கிளம்பிவிடுகிறது. கணக்கெடுத்த இரண்டு குழுவும் ஒரே விதமாக அளந்தனவா என்று யாரும் கேட்பதில்லை.

கிலோவில் உள்ள எடையை மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பி.எம்.ஐ. பெரியவர்களுக்கு அந்த எண் போதும். பிள்ளைகளுக்கு வயதும் பாலினமும் சேர்த்துப் பார்க்க ஓர் அட்டவணை வேண்டும். நம் நாட்டு ஆய்வுகளில் மூன்று அட்டவணைகள் புழங்குகின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அட்டவணையிலும் ஐ.ஓ.டி.எஃப். என்ற பன்னாட்டுப் பருமன் பணிக்குழுவின் அட்டவணையிலும் கூடுதல் எடைக்கோடும் பருமன் கோடும் வளர்ந்தபின் ஏறத்தாழ 25, 30 என்ற பி.எம்.ஐ.யில் போய்ச் சேரும். இந்திய குழந்தை மருத்துவ அகாடமியின் 2015 அட்டவணையில் அவை 23, 27. அதே பி.எம்.ஐ.யில் நம்மவர்களுக்குக் கொழுப்பு கூடுதல் என்பதால் கோட்டைத் தாழ்த்தி வைத்தார்கள். அது சரியான முடிவு. ஆனால் ஒரே வகுப்புப் பிள்ளைகளை இதில் பார்த்தால் பருமன் சதவீதம் கூடும், அதில் பார்த்தால் குறையும்.

இதைவிட மோசமான பொறி ஐந்தாம் பிறந்தநாளில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஐந்து வயதுக்குக் கீழே இசட் மதிப்பு (அதே வயது, பாலினப் பிள்ளைகளின் நடு அளவிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளி இருக்கிறது என்ற எண்) +2-ஐத் தாண்டினால்தான் கூடுதல் எடை, +3-ஐத் தாண்டினால் பருமன். ஐந்து கடந்ததும் அதே கோடுகள் +1, +2 என்று இறங்கிவிடும். அங்கன்வாடியில் நாலரை வயதில் +1.5 என்று அளந்த குழந்தையை ஒன்றாம் வகுப்பில் அதே +1.5-இல் அளந்தால், கூடுதல் எடைப் பட்டியலில் ஏறிவிடும். குழந்தையிடம் எந்த மாற்றமும் இல்லை. இப்படி ஐந்து வயதைத் தாண்டியும் அதே பிள்ளைகளைத் தொடரும் ஆய்வில் சதவீதத்தை மட்டும் போட்டால் பருமன் தடுப்புத் திட்டம் தோற்றதாகத்தான் தெரியும். சராசரி இசட் மதிப்பையும் அதன் பரவலையும் கட்டாயம் தர வேண்டும். வயதை முடிந்த ஆண்டாக எழுதாமல் பிறப்புச் சான்றிதழ் பார்த்து மாதக் கணக்கில் எழுத வேண்டும்.

உயரத்தில் ஒரு சதவீதம் பிழைத்தால் பி.எம்.ஐ.யில் ஏறத்தாழ இரண்டு சதவீதம் பிழைக்கும். சரியாகப் பத்து வயதான ஒரு பையன் 135 செ.மீ., 33.5 கிலோ என்றால் பி.எம்.ஐ. 18.4. உலக சுகாதார நிறுவனத்தின் கூடுதல் எடைக்கோடு 18.5; அவன் கோட்டுக்குள் இருக்கிறான். உயரத்தை 134 என்று குறித்தால் 18.7 ஆகி, கோட்டைத் தாண்டிவிடுவான். அந்த ஒரு சென்டிமீட்டர் எங்கிருந்தும் வரலாம். சுவரில் ஒட்டிய இஞ்ச் டேப் தரையைத் தொடாமல் நிற்கும். முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். காலையில் அளந்த உயரம் சாயங்காலத்தில் குறைந்திருக்கும். பெண் பிள்ளைகளுக்கு உச்சியில் தூக்கிக் கட்டிய சடையும் தோவாளைப் பிச்சிப்பூவும் உயரத்தைக் கூட்டிக் காட்டும். பூவை எடுத்து, சடையை இறக்கிவிட்டு, காதுத் துளையும் கண்குழியின் கீழ்விளிம்பும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி தலையை நிறுத்தி அளக்க வேண்டும். இருவர் தனித்தனியே அளந்து, உயரத்தில் 7 மி.மீ.க்கு மேலோ எடையில் 100 கிராமுக்கு மேலோ வித்தியாசம் வந்தால் இருவரும் மறுபடி அளக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் தன் வளர்ச்சி அட்டவணைக்காகக் குழந்தைகளை அளந்தபோது வைத்திருந்த வரம்பு இதுதான். எடை மெஷினைச் சமதளத்தில் வைத்து, தினமும் முத்திரையிட்ட எடைக்கல்லால் சரிபார்க்க வேண்டும். காலை உணவுத் திட்டம் நடக்கும் பள்ளிகளில் சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதை முதலிலேயே முடிவு செய்து, கடைசி வரை மாற்றாமல் இருக்க வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதில் நம் மாவட்டத்துக்கென்று சில சிக்கல்கள் உண்டு. வேறு ஊருக்குத் தயாரித்த கேள்வித்தாளில் மரச்சீனிக்கிழங்கும் ஏத்தங்காய் சிப்ஸும் பழம்பொரியும் இருக்காது. கேட்காததைப் பிள்ளை சொல்லாது. மீன்பிடித் தடைக்காலமும் இங்கே இரண்டு. கிழக்குக் கரையில் சின்னமுட்டம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குக் கரையில் குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூலையில் இரண்டு கரையிலும் மீன் உண்ணும் அளவைக் கேட்டு ஒப்பிட்டால் தடைக்காலத்தைத்தான் அளந்திருப்போம். ஓடியாடும் நேரமும் அப்படியே: இங்கே மழை இரண்டு பருவத்திலும் பெய்யும். டிசம்பரில் கேக்கும் முந்திரிக்கொத்துமாக வீடு நிறைந்திருக்கும். எனவே முதல் அளவு எந்த மாதமோ அடுத்த ஆண்டும் அதே மாதத்தில் அளக்க வேண்டும்.

அளக்கும் இடத்தில் எடையைச் சத்தமாக வாசிப்பது கொடுமை. 'குண்டு' என்று கேலி பேசப்பட்ட பிள்ளை அடுத்த அளவு நாளில் பள்ளிக்கு வராது. அப்படிக் கனமான பிள்ளைகள் விடுபட விடுபட வகுப்பின் சராசரி தானாக இறங்கும். திட்டம் வெற்றி என்று அறிக்கை வரும். திரை மறைவில் அளந்து எண்ணைத் தாளில் எழுத வேண்டும். வராத பிள்ளைகளின் முதல் அளவுகளையும் தனியே காட்ட வேண்டும்.

எதை அளப்பது என்பதிலும் உடன்பாடு தேவை. ஐந்து வயதுக்குட்பட்டோருக்கான தடுப்பு ஆய்வுகளில் எல்லோரும் பொதுவாக அளக்க வேண்டியவை எவை என்று ஒரு பன்னாட்டுக் குழு கலந்துபேசி 2022-இல் பட்டியல் வெளியிட்டது. பி.எம்.ஐ.யோடு நிற்காமல் உணவு, உடலியக்கம், திரை நேரம், தூக்கம் எல்லாம் அதில் உண்டு. பள்ளி வயதுக்கு நம் மாவட்டத்தின் மருத்துவ, மனையியல், செவிலியர் கல்லூரிகள் சேர்ந்து ஒரே படிவம் தயாரித்தாலே பெரிய காரியம். எது முதன்மை விளைவு, அதாவது திட்டத்தின் வெற்றியை முக்கியமாக எதை வைத்து முடிவு செய்வது என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிந்துவிட்டால், முடிவில் நன்றாக வந்ததை மட்டும் பொறுக்கி எழுத வழியிருக்காது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். பருமன் சதவீதத்தை வெளியிடும்போது எந்த அட்டவணை, எந்த மாதம், எத்தனை பிள்ளைகளில் எத்தனை பேரை அளந்தார்கள் என்பதையும் அதே செய்தியில் அச்சிடுங்கள். ஆய்வாளர் தரவில்லையென்றால் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைகள் ஊட்டச்சத்துப் பணியாளர்கள் சிலர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.